புப்லிக்கின் ஈரம்

பிஷ்கெக்கில் ஜனவரி வந்தால் வெளியே மூக்கு உறையும், வீட்டுக்குள் சூட்டில் காற்று காய்ந்து உதடு வெடிக்கும். வீட்டைச் சூடாக்க நகரக் கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயைக் குறைக்கவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. மினிபஸ் ஓட்டும் உலார்பெக் அதைத் திட்டாத நாளில்லை. தன் உதட்டுக்காக அல்ல, பாம்புக்காக.

பாம்பு அவருடையதும் அல்ல. மாஸ்கோவுக்கு வேலைக்குப் போன மகள் மீரிம் விட்டுச் சென்றது. சிறிய ஜாதி மலைப்பாம்பு. வளையரொட்டி போலச் சுருண்டு கிடப்பதால் அந்த ரொட்டியின் பெயரையே வைத்து புப்லிக் என்று கூப்பிடுவாள். அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து அப்பனிடம் முகம் கொடுத்துப் பேசாத பெண், ஞாயிறானால் மட்டும் வீடியோவில் வந்துவிடுவாள். "புப்லிக்கைக் காட்டுங்க" என்பாள். பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குள், காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியின் முள் அறுபதில் நிற்கிறதா என்று பார்ப்பாள். எதிரே இருக்கும் மனுஷன் சாப்பிட்டானா என்று கேட்கமாட்டாள். இது உலார்பெக்குக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த ஞாயிறுக்காகவே வாரத்தை ஓட்டினார்.

போன குளிர்காலத்தில் ஈரம் போதாமல் பாம்பின் தோல் துண்டுதுண்டாக உரிந்தது. ஒரு துண்டு கண்ணிலேயே ஒட்டிக்கொண்டது. "உங்களால இதைக்கூடப் பார்த்துக்க முடியாதா?" என்று மகள் அழுதாள். அதன் பிறகு மனுஷன் பெட்டியின் வலைமூடியில் பாதியை அலுமினியத் தாளால் மூடினார். நனைத்த பாசியை ஒரு டப்பாவில் அடைத்து உள்ளே வைத்தார். பஸ் எடுக்கப் போகும் முன்பும் வந்த பின்பும் தண்ணீர் தெளித்தார். அதிகமானாலும் அடிவயிறு புண்ணாகிவிடும் என்று பயந்து பயந்து தெளித்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் இவ்வளவு செய்ததில்லை.

இந்த முறை புப்லிக்கின் கண் மங்கியது. தோல் உரிக்கப் போகிறது. அதற்காக ஈரத்தைக் கூட்டி முள்ளை எழுபதில் நிறுத்தினார். ஒரே தோலாக உரிந்துவிட்டால் ஞாயிறன்று மகளுக்குக் காட்டலாம், ஒருவேளை சிரிப்பாள்.

அந்த வாரம் பார்த்து நாரின் ஊரிலிருந்து அக்கா ஸாய்ரா வந்து இறங்கினாள்.

"பொண்டாட்டி சமாதிக்கு ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சிருப்பியாடா? பாம்புக்குப் பன்னீர் தெளிக்கிறியே!"

"அந்தப் பெட்டியைத் தொடாதேக்கா. அது மீரிமோடது."

"பாம்பு இருக்கிற வீட்டுக்கு எந்தப் பொண்ணுடா திரும்பி வருவா?"

அவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். மதியம் திரும்பியபோது வாசலில் பால் சிந்திக் கிடந்தது. பெட்டி திறந்திருந்தது. அக்கா நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேக்கா அது?"

"வழியனுப்பிட்டேன். தலையில பால் ஊத்தி, கதவைத் தொறந்து, துடைப்பத்தால தள்ளிவிட்டேன். வீட்டுல பாம்பு இருந்தா நம்மாளுங்க அப்படித்தானே அனுப்புவாங்க? அடிச்சா கொன்னேன்?"

"வெளியில பனிக்கா!"

"வெள்ளைப் பால் ஊத்தி அனுப்பினதுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே பாரு, உன் பொண்ணு தானா வருவா."

கீழ்த்தள வீடு. படிக்கட்டுக்குப் பின்னால் பனியில் புப்லிக் விறைத்துக் கிடந்தது. தலையில் பால் உறைந்திருந்தது. சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார், பலனில்லை. அக்காவைத் திட்டவும் வாய் வரவில்லை, அவள் நல்லதை நினைத்துத்தான் செய்தாள். நல்லது செய்கிறேன் என்று வருகிறவர்களிடம்தான் கதவைப் பூட்டிவைக்க வேண்டும். அந்தப் புத்தி அவருக்கு என்றைக்குமே வந்ததில்லை.

ஞாயிறு வந்தது. "புப்லிக்கைக் காட்டுங்க" என்றாள் மீரிம். பொய் சொல்ல நினைத்தவர், உண்மையையே சொல்லிவிட்டார். மகள் அழவில்லை.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பஸ்ல, கண்ணு. அத்தை நல்லதுக்குன்னு நினைச்சுதான்…"

"அம்மாவுக்கு வயித்துவலி வந்தப்பவும் அத்தைகிட்டதான் விட்டுட்டுப் போனீங்க. அத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல, மந்திரிச்சு ஊதிவிடுறவங்ககிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க."

அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஸாய்ராவின் கை நின்றது. மகள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் பஸ் எடுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. அவள் பார்க்க விரும்புகிற எதுவும் இப்போது அந்த வீட்டில் இல்லை.