கண் வைக்காத உயிர்

கண் இல்லாத படத்தை யாராவது டெலிவரி எடுப்பார்களா?

போன மாதக் கடைசியில், விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறைக்குள் நின்று இப்படித்தான் கத்தினேன். எனக்குக் கத்த மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் காரணம் இருந்தது. பிலோமினா என் கூடப் படித்தவள். அவளுக்கு ஒரே மகன், ஜெரால்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் கிறிஸ்துமஸுக்கு பைக்கில் ஊருக்கு வந்துகொண்டிருந்தான். சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு லாரி... அவ்வளவுதான். வருஷம் திரும்பப் போகிறது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்குள் அவன் கல்லறையில் ஒரு டைல்ஸ் படம் பதித்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

படம் என்றால் அவன் போட்டோ அல்ல. கிழக்கத்திய சபைகளின் பழைய திருவுருவப் படம் ஒன்று. அதில் மாதா இறந்து கிடப்பார். பின்னால் இயேசு, மாதாவின் உயிரைத் துணி சுற்றிய கைக்குழந்தையாக ஏந்தி நிற்பார். பிலோவுக்கு அந்த இயேசுவும் குழந்தையும் மட்டும் போதுமாம்.

"எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் உயிர கைப்புள்ளையாத்தான் வரைவாங்களாம்டி" என்றாள். ஆறடிப் பையனைப் பறிகொடுத்தவள்.

தூக்கம் வராமல் செல்போனில் படித்துப் படித்து இதில் பண்டிதையாகிவிட்டாள். பின்னணியில் தங்கம் — அது சொர்க்கம். அங்கே எல்லாப் பக்கமும் வெளிச்சம் என்பதால் யாருக்கும் நிழல் விழாது. உச்சியில் நீல அரைவட்டம், வானம். கீழே படிப்படியாகப் பாறை, அது நம் பூமி. முகத்துக்கு முதலில் மண் நிறம் பூசி, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் ஏற்ற வேண்டும். மனுஷனை மண்ணிலிருந்துதானே படைத்தார்?

பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் கஸ்தூரிதான் வரைந்தாள். பழக்கதோஷம், இயேசு காலடியில் ஒரு நிழல் போட்டுவிட்டாள். பிலோ துடைக்கச் சொன்னாள்.

"நெழலே கெடையாதா? நம்ம ஊரு வெயிலுக்கு அது சரிப்பட்டு வராதேக்கா!"

பல மாதம் கழித்து அன்றுதான் பிலோ சிரித்துப் பார்த்தேன்.

தங்கம் பூசியபோது அழுக்குக் கறுப்பாக இருந்தது. பிலோ பதறிப்போனாள். "சூளையில வெந்து வந்தாத்தாங்க மின்னும்" என்றாள் கஸ்தூரி. வெந்துபோயிருந்தவள் அதை நம்பினாள்.

வெந்தும் வந்தது. தங்கம் ஜொலித்தது. ஆனால் இரண்டு முகத்திலும் கண்ணே இல்லை! அப்போதுதான் கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க வூட்டுல மண்ணுல செய்யுற அய்யனாரு குதிரைக்கே கண்ணு கடைசியிலதான். செய்யச் சொன்னவங்க வந்து நின்னாத்தான் தொறப்போம். சாமி படமாச்சே, நானா எப்படி வைக்கிறது? இப்ப வச்சு, கம்மியான சூட்டுல இன்னொரு வாட்டி வேகவச்சா ஆச்சு."

இதை முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன? எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தானே என்று நினைத்தாளாம்.

பிலோ என் கையை அழுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கஸ்தூரி கும்பிட்டுவிட்டு, பிரஷ்ஷை எடுத்து இயேசுவுக்குக் கண் திறந்தாள். கையிலிருக்கும் குழந்தையைப் பார்க்கிற கண். அடுத்து பிரஷ் குழந்தையிடம் போனது.

பிலோ அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம்மா."

"கண்ணு தொறக்கலன்னா உயிரு வராதுக்கா..."

"கண்ணத் தொறந்தான்னா என்னைத் தேடுவாம்மா. தூங்கட்டும்."

கஸ்தூரி இன்னும் மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்தாள். மூடிய இமைகளாக இரண்டு மெல்லிய கோடு இழுத்தாள். அவள் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம். மெழுகுவத்தி ஏற்றப் பிலோ குனிந்தாள். பின்னால் இருந்த வெயிலில் அவள் நிழல் நீண்டு அந்தத் தங்கத்தின் மேல் விழுந்தது. பார்த்தவள், பதறிப்போய் நகர்ந்துகொண்டாள்.

மகன் இருக்கும் இடத்தில் நிழல் விழக்கூடாதாம்.