நெல் அள்ளிய மாப்பிள்ளைக் கார்

போன வருடம் சிறுபோக அறுவடை நேரம். காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளி ஊடாகச் சம்மாந்துறைக்குப் போகும் வயல் வீதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரமே இருக்கிறது. என் மனைவியின் தம்பியை, அதாவது அன்றைய மாப்பிள்ளையை, காரோடு சேர்த்து ஒரு நெற்குவியலின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடியவில்லை.

நான் கல்முனைக்காரன். சம்மாந்துறையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். சிகரெட் இல்லை, வெற்றிலை இல்லை, சந்தியில் நின்று அரசியல் கதைக்கும் பழக்கமும் இல்லை. எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம் என் கார்தான். என்னைவிடச் சில வயதே இளைய, இரண்டு கதவு ஜப்பான் ஸ்போட்ஸ் கார். பெயரைச் சொன்னால் கம்பனிக்கு இலவச விளம்பரமாகிவிடும், வேண்டாம். அதன் முன் லைட்டுகள் இரண்டும் பொனட்டுக்குள் ஒளிந்திருக்கும். சுவிச்சை அழுத்தினால் தவளைக் கண் மாதிரி எழும்பும். சின்ன வயதில் அப்படியொரு காரைப் பார்த்த நாளில் பிடித்த பைத்தியம், நாற்பது வயதிலும் தெளியவில்லை.

கடற்கரை ஊரில் பழைய காரை வைத்திருப்பது லேசான வேலையில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் தினமும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பேன். "எண்ட தலைக்கு ஒருநாளாவது இப்பிடித் தண்ணி ஊத்தியிரிக்கீங்களா?" என்று மனைவி கேட்காத வாரமில்லை. வலது பக்க லைட்டைத் தூக்கும் மோட்டர் பழுதானபோது, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒருவரைப் பிடித்து எட்டு மாதம் காத்திருந்தேன். அந்த எட்டு மாதமும் என் கார் ஊருக்கெல்லாம் ஒற்றைக் கண்ணடித்துக்கொண்டு திரிந்தது. அடுத்த வகுப்பறை ஆசிரியை ஒருவர் என்னிடம் முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டதும் அந்தக் காலத்தில்தான்.

பழுது பார்ப்பதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு அதை மாற்றவும் வேண்டியிருந்தது. முதலில் ஸ்பிரிங்கை மாற்றி உடம்பை இறக்கினேன். பிறகு முன் பம்பரின் கீழே உதடு மாதிரி ஒரு பைபர் துண்டைப் பூட்டினேன். தரைக்கும் அதற்கும் இடையில் மூன்று அங்குலம். கணக்கு வாத்தியார் அல்லவா, அளந்து, கீறி, கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. கடைசியாக ஒரு பெரிய சைலன்சர். நான் பாடசாலைக்கு வருகிறேன் என்பது, நான் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னரே மாணவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் கராஜ்காரர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர், என் வயதுதான். உதட்டைப் பூட்டும்போதே சொன்னார். "சேர், இது ரேஸ் ஓடுற ரோட்டில்ல. நெல்லுக் காயப்போடுற ரோட்டு. மறுகா எனக்கிட்ட வந்து கதைக்கப்படா."

நான் கேட்பேனா? அறுவடை வந்தால் எங்கள் பக்கம் வீதியின் பாதி நெல்லுக்குச் சொந்தம். கற்களையும் கொப்புகளையும் ஓரத்தில் வைத்து, ஒரு பக்கம் முழுக்க நெல்லைப் பரப்பிவிடுவார்கள். வாகனங்கள் மற்றப் பாதியால் போகும். எதிரே ஏதும் வந்தால் நெல்லின் ஓரத்தில் ஏறி இறங்கும். யாரும் கோபிப்பதில்லை. இரண்டு போகம் அந்த வீதியால் போய் வந்தேன். என் உதட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. கராஜ்காரரிடம் அதைக் காட்டிப் பெருமையடித்தேன். ஓட்டத் தெரிந்தவன் ஓட்டினால் இப்படித்தான் என்றேன். அந்த வாய்க்கொழுப்புக்கு என்ன கிடைத்தது என்று போகப் போகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைதீவு தாண்டியதும் வரும் வயல் வளைவில், அறுவடை நாட்களில் ஒரு மனிதர் தினமும் நிற்பார். நெல் கூட்டும் பலகையின் நீண்ட பிடியில் சாய்ந்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு என் காரையே பார்ப்பார். என் காருக்கு ஒரு ரசிகர் இருக்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவருக்காகவே லைட்டுகளை ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டுப் போவேன். அவரும் கையைத் தூக்குவார்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சானுக்குச் சம்மாந்துறையில் கலியாணம் முடிவானது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் ஊர்வலமாகப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மாமா ஒரு பெரிய, உயரமான, கண்ணியமான காரைப் பேசி வைத்திருந்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். மாப்பிள்ளை என் காரில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மச்சானுக்கும் உள்ளூர ஆசை. கடைசியில் மாமி இறங்கி வந்தார்.

"மருமகன், உங்கட காரிலயே போகட்டும். ஆனா அந்தப் பேய்ச் சத்தம் மட்டும் வேணாம். நிக்காஹ்வுக்குப் போற புள்ள, அமைதியாப் போகட்டும்."

நியாயமான பேச்சு. சனிக்கிழமை முழுக்கக் காரின் கீழே கிடந்து, பெரிய சைலன்சரைக் கழற்றிவிட்டு, காரோடு வந்த பழைய சைலன்சரைப் பூட்டினேன். பூனை நடப்பது மாதிரி ஆகிவிட்டது கார்.

ஞாயிறு பின்னேரம் ரிபன் கட்டி, பூ ஒட்டிப் புறப்பட்டோம். அஸர் தொழுகை முடிந்த கையோடு நிக்காஹ். காவின் எழுதும் கலியாணப் பதிவாளருக்கு மஃரிப் தொழுகைக்கு முன்னர் வேறோர் ஊரிலும் ஒரு நிக்காஹ் இருந்தது. பிந்தினால் அவர் எழும்பிப் போய்விடுவார் என்று பெண் வீட்டார் மூன்று முறை போன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். மச்சான் வெள்ளைக் கோட்டோடு என் பக்கத்தில் இருந்தான். அவன் கொஞ்சம் பாரமான ஆள். பின்னுக்கு அவனுடைய பெட்டி, பலகாரத் தட்டுகள். என் மூன்று அங்குலக் கணக்கை நான் தனியாக இருந்தல்லவா போட்டேன்? மாப்பிள்ளையின் நிறை அதில் சேரவில்லை. கணித ஆசிரியர் இதை வெளியில் சொல்லக்கூடாதுதான்.

கார் வழக்கத்தைவிடத் தாழ்ந்து கிடந்ததால் ஒவ்வொரு வேகத்தடையையும் கோணலாக ஏறி, ஊர்ந்து இறங்க வேண்டியதாயிற்று. வேகமாக ஓடப் பிறந்த கார், சைக்கிளுக்கு வழிவிட்டுக்கொண்டு போனது. பின்னால் எங்கள் சொந்தக்காரர்களை ஏற்றி வந்த வேன்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். சந்தியடியில், "நீங்க மெதுவா வாங்க, நாங்க போய்ப் பள்ளியடியில நிக்கிறம்" என்று கத்திவிட்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். வேன்! என் காரை! எனக்குப் பொறுக்கவில்லை. வயல் வீதி நேராக விரிந்ததும் மிதித்தேன்.

அந்த வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. வழக்கம் போல இடப்பக்கம் நெல்லின் ஓரத்துக்கு ஒதுங்கினேன். ஆனால் அன்றைக்கு மட்டும் நெல் வீதியின் நடு வரைக்கும் கிடந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நான் ஒதுங்கப் போதிய வெறும் தார் இருக்கும். யோசிக்க நேரமில்லை. சர்ர்ர் என்று ஒரு சத்தம். என் அழகான உதடு, மண்வெட்டி மாதிரி நெல்லை வாரிக்கொண்டே போனது. பிறேக்கை மிதித்து நின்றபோது முன் சில்லுகள் தரையில் இல்லை. வயிற்றுக்குக் கீழே நெற்குவியல். தப்பலாம் என்று அக்சிலேட்டரை அழுத்தினேன். பின் சில்லுகள் நெல்லை மழையாக இறைத்தன. பிறகு வைக்கோல் கருகும் மணம் வந்தது. சூடான சைலன்சர் நெல்லுக்குள் புதைந்திருந்தது.

"மச்சான், புகை வருது" என்றான் மாப்பிள்ளை, மிக மரியாதையாக.

வயலுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். நெற்றியில் பொட்டு, தலையில் துவாய்க் கட்டு, கையில் தண்ணீர்க் கான். அவருக்குப் பின்னால் பலகையோடு வந்தவரைப் பார்த்தேன். என் ரசிகர்! இருவரும் கணவன் மனைவி, நெல்லுக்குச் சொந்தக்காரர்கள். ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அந்த அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் காருக்குக் கீழே சளார் என்று ஊற்றினார். புஸ்ஸென்று புகை அடங்கியது.

"மாப்பிள்ளய இறக்குங்க முதல்ல! இஞ்சின நூருங்க!" என்றார். எஞ்சினை அணைத்தேன்.

இதற்குள் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் பத்துப் பதினைந்து பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் உதவி கேட்டுக் கூப்பிடத் தேவையில்லை. ஆனால் அவர்கள் நெல்லில் கால் வைக்கப் போனதும் அக்கா ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்.

"ஆரும் செருப்போட நெல்லுக்குள்ள இறங்கப்படா! கழட்டிப்போட்டு வாங்க! மாப்பிள்ள, நீங்களுந்தான்!"

புதுச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப் பொனட்டில் வைத்துவிட்டு, வெள்ளைக் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மாப்பிள்ளை நெல்லுக்குள் இறங்கினான். கணவரும் மனைவியும் கீழே இருந்த நெல்லைப் பலகையால் இழுத்து இழுத்து வெளியே எடுத்தார்கள். பஸ்காரர்கள் முன்பக்கத்தைப் பிடித்தார்கள். தூரத்தில் அஸர் பாங்கு கேட்டது. மாமியின் முகம், எழும்பிப் போகும் பதிவாளர், அழுதுகொண்டு நிற்கும் பெண், எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. யா அல்லாஹ், என் விளையாட்டுக்கு இவனுடைய கலியாணத்தையா பணயம் வைத்தேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

"ஒண்டு, ரெண்டு, தூக்கு!"

கார் தரைக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அக்கா கையை வீசினார். "கதைக்க நேரமில்ல. பொண்ணு பாத்துக்கிட்டு இரிக்கும். சுறுக்காப் போங்க!"

பள்ளிவாசலில் தொழுகைக்கு வரிசை கட்டும்போது போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை ஓடிப்போய்க் கடைசி வரிசையில் நின்றான். நிக்காஹ் நேரத்துக்கு நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு பெண் வீட்டு வாசலில் பெண்ணின் தம்பி வழக்கப்படி மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினான். விரலிடுக்குகளிலிருந்தும் காற்சட்டை மடிப்பிலிருந்தும் நெல் கொட்டிக் காலடித் தட்டில் மிதந்தது. "இனி இந்த வீட்டில சோத்துக்குக் குறையிருக்காது கா!" என்று ஒரு மாமி சொன்னதும் பெண்கள் குரவையிட்டுச் சிரித்தார்கள். மச்சான் என் காதில், "அடுத்தமுற உழவு மெசின்லயே வருவம் மச்சான்" என்றான். அடுத்தமுறை என்ன அடுத்தமுறை என்று பெண் வீட்டார் கேட்டுவிடவில்லை, நல்லவேளை.

மறுநாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, மனைவியோடு மோட்டார் சைக்கிளில் அந்த வளைவுக்குப் போனேன். கையில் கலியாண வீட்டுப் பலகாரமும் இரண்டு சுளகும். வாய்க்கால் ஓரமெல்லாம் நெல் சிதறிக் கிடந்தது. நாங்கள் குந்தியிருந்து அள்ளத் தொடங்கியதும் அவர்கள் இருவரும் வந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அக்கா சொன்ன பதில்தான் இன்று வரை என் நெஞ்சில் கிடக்கிறது.

"பிழை எங்கடதான் சேர். நேத்து உங்கட சத்தம் கேக்கல்ல. அதான் ஒதுக்கல்ல."

எனக்கு விளங்கவில்லை. என்ன சத்தம், எதை ஒதுக்குவது என்று கேட்டேன்.

"உங்கட கார் சந்தியால திரும்பக்குள்ளயே இஞ்ச கேக்கும். கேட்ட உடன இவர் பலகைய எடுத்துக்கிட்டு ஓடுவார். நீங்க வளைவுக்கு வாறதுக்குள்ள ஓரத்து நெல்ல உள்ளுக்குத் தள்ளிப்போட்டு நிப்பார். மத்த வாகனம் ஏறினா நெல்லுக்கு ஒண்டும் ஆகாது. உங்கட காருக்குத்தானே தாடி ரோட்டில முட்டுது. பாவம், ஆசையா வெச்சிரிக்கிறார், உடைஞ்சிரும் எண்டு இவருக்குக் கவலை."

காலையும் பின்னேரமும், இரண்டு போகம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. நான் அவருக்கு லைட்டைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன்! வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. என் மனைவி, எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவள், அன்று குனிந்து நெல்லையே புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க என்ன செய்யணும் அண்ணன்?" என்று அவரைக் கேட்டேன். அதுவரை வாய் திறக்காத மனிதர், கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"ஒண்டும் வேணாம் சேர். அந்தக் கண்ணத் திறந்து மூடுறத ஒருநாள் கிட்ட நிண்டு பாக்கணும்."

அடுத்த நாளே காரைக் கொண்டுபோய் நிறுத்தி, அவரையே உள்ளே இருத்தி, சுவிச்சை அவர் கையால் அழுத்த வைத்தேன். பதினைந்து தடவையாவது தூக்கி இறக்கியிருப்பார். எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய மோட்டர் எரிந்துவிடுமோ என்று நெஞ்சு பதறியது. ஆனாலும் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரமே கராஜுக்குப் போய் உதட்டைக் கழற்றி, காரைப் பழைய உயரத்துக்கு ஏற்றினேன். கராஜ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் ஒண்டும் கதைக்கல்ல சேர்" என்றார். பெரிய சைலன்சர் இப்போது வீட்டுக் கோடிக்குள் கிடக்கிறது. மாரி மழை தொடங்கியதும் முன் பம்பரின் மூலையில் இரண்டு நெல் முளைத்திருந்ததைப் பார்த்தேன். காரில் ஒரு தூசு இருந்தாலும் துடைக்கும் நான், அதைப் பிடுங்காமல் ஒரு வாரம் பாடசாலைக்குப் போய் வந்தேன்.

இப்போதும் அதே வீதியால்தான் போகிறேன், அதே காரில், கீறல் இல்லாமல். ஓட்டத் தெரிந்தவன் என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். எந்தத் தடையும் இல்லாமல் ஒரு நாள் கடந்து போனால், எனக்கு முன்னால் யாரோ ஒருவர் பலகையோடு ஓடியிருக்கிறார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.