பாவாயிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை

கம்பவுண்டர் வேலை என்றால் மருந்தைக் கலக்கிச் சீசாவில் ஊற்றிக் கொடுப்பது என்று நினைப்பவர்கள் எங்கள் மலை டிஸ்பென்சரிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். கொல்லிமலையில் எனக்கு மருந்து கலக்குவது பாதி வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளிகளைக் கீழே இறக்கி, பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றி, சேலத்துக்கோ சென்னைப் பட்டணத்துக்கோ கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது மீதிப் பாதி. வைத்தியம் டாக்டர் பாடு. அவர்களுக்கு எந்தக் கடையில் சோறு வாங்கிக் கொடுப்பது என்பது என் பாடு. வயசுப் பிள்ளை ஒன்றைப் பெரிய ஊருக்கு அழைத்துப் போய், அது எந்தக் கடையிலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து முழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நாம் எல்லோரும் ஒரே ஜாதி.

டாக்டர் பிரித்துக் கொடுத்த வேலை

எங்கள் மலையின் தேவனூர் நாட்டில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பத்துப் பெண் பாவாயி. பதினைந்து வயசு இருக்கும். கழுத்தில் கழலைக் கட்டி. மலையில் அது புதிதில்லை. பல பேருக்கு உண்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் இவளுக்கு அது உள்பக்கமாக வளர்ந்து மூச்சுக் குழலை அமுக்க ஆரம்பித்திருந்தது. மல்லாந்து படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். எங்கள் டாக்டர் சென்னைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அப்பா காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். அம்மா நல்லாயி கூட வந்தாள். பஸ் ரோடு மலைக்கு வராத காலம். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் அந்தப் பிள்ளை பத்தடி நடந்தால் ஒரு பாறையில் உட்காருவாள். நானும் நல்லாயியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்போம்.

சென்னையில் பெரிய டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், எடை போட்டுப் பார்த்தார். ரத்தமே இல்லை, இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது என்றார். கொஞ்ச நாள் பக்கத்தில் எங்காவது தங்கி நன்றாகச் சாப்பிடட்டும், ஆனால் ரொம்ப நாள் தள்ளவும் முடியாது, கட்டி சும்மா இருக்காது என்றும் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். “கத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன், சாப்பாட்டை நீர் பார்த்துக்கொள்ளும். உம்முடைய வேலை முடிந்த பிறகுதான் என் வேலை.”

ஸ்டேஷனுக்கு எதிர்க் கடை

தங்கியது ஒரு சத்திரத்தில். அங்கே அடுப்பு மூட்ட அனுமதியில்லை. அதனால் வேளாவேளைக்குக் கடைதான். முதல் நாள் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். பெரிய தலைவாழை இலை, வெள்ளை வெளேரென்று பச்சரிசிச் சோறு, நெய், சாம்பார், அப்பளம். மலையில் நெல்லுச் சோறு நல்ல நாளைக்குத்தான். பிள்ளை ஆசையாகத் தின்னும் என்று நினைத்தேன்.

பாவாயி சோற்றைப் பிசைந்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தாள். எதிர் வரிசையில் இருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்து போகும்வரை அப்படியே இருந்துவிட்டு, பிறகு கையை உதறினாள். பசிக்கவில்லையாம். நெய் வாடை பிடிக்கவில்லையோ என்று கேட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நல்லாயி மூன்றாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்தாள். மகளுக்காக எந்நேரமும் கண் கலங்குகிறவள்தான். ஆனால் இலைமுன் உட்கார்ந்துவிட்டால் அவள் வேறு ஆள். நான் பிள்ளையைக் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்ததைப் பார்த்துச் சொன்னாள்: “அவளுக்கு வேண்டாட்டி உடுங்க சாமி, சோத்த வீணாக்காம அந்த எலைய இப்பிடித் தள்ளுங்க.”

கூழ் தேடிய கதை

மலைப் பிள்ளைக்கு மலைச் சாப்பாடுதான் இறங்கும் என்று எனக்கு அப்போது தோன்றிவிட்டது. இந்த யோசனை வந்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். பட்டணத்தில் கேழ்வரகுக் கூழ் எங்கே கிடைக்கும் என்று ரிக்‌ஷாக்காரர்களை விசாரித்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்காக ஒரு அம்மாள் பானையில் கொண்டுவந்து விற்பதாகச் சொன்னார்கள். வெயிலில் இரண்டு பேரையும் அங்கே நடத்திக் கூட்டிப் போனேன். நல்ல கூழ். மோர் விட்டு, வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துக் கொடுத்தாள்.

பாவாயி சட்டியை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒரு வாய் குடித்தாள். அதற்குள் மூட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்து, இன்னாம்மா கழுத்துல என்று கரிசனத்தோடுதான் கேட்டார். அவள் சட்டியை என் கையில் கொடுத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. உனக்காகத்தானே இத்தனை தூரம் தேடி வந்தேன் என்றேன். அவள் சாந்தமாகச் சொன்னாள்: “கூழு எங்க ஊட்டுலயே இருக்குதுங்களே, அதுக்கா ரயிலேறி வந்தோமுங்க?”

கண்ணாடி ஓட்டல்

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எடை போட்டபோது வந்ததைவிடக் குறைந்திருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. சிக்கனத்தை எல்லாம் விட்டுவிட்டு, அந்த வட்டாரத்திலேயே பெரிய காபி ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். சலவைக்கல் மேஜை, மேலே மின்விசிறி, சுவர் நெடுகிலும் ஆளுயர நிலைக்கண்ணாடிகள். பட்டணத்துப் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்று அடம்பிடிப்பார்களாம். ஒரு நெய் தோசை வாங்கி முன்னால் வைத்தேன். பாவாயி ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். விழுங்கும்போது எதிரே நிமிர்ந்து பார்த்தாள்.

கழலை உள்ளவர்கள் எதை விழுங்கினாலும் அந்தக் கட்டி மேலே ஏறி இறங்கும். எனக்குத் தெரியும், பல பேருக்குப் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் இருப்பது பொட்டு வைத்துக்கொள்ளும் கையகலக் கண்ணாடி. அதில் முகம் மட்டும்தான் தெரியும். ஊரில் யாரும் உற்றுப் பார்த்ததில்லை. இங்கே வந்த நாளிலிருந்து, வாயில் சோற்றை வைத்தாலே எல்லோரும் ஏன் கழுத்தைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். அழவில்லை. நல்லாயிதான் அழுதாள். எனக்கு இத்தனை நாள் நெய்யும் அரிசியும்தான் கண்ணில் பட்டிருந்தன. பாவாயி கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமலே சொன்னாள்: “எல்லாரும் இதையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்களாக்கும்.”

தட்டி மறைத்த அறை

மறுநாள் காலையில் நான் தனியாகக் கிளம்பினேன். எந்தக் கடையிலும் என்ன பலகாரம் என்று கேட்கவில்லை. கண்ணாடி இருக்கிறதா, மறைவாக உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். ஏதோ தப்புத் தண்டாவுக்கு இடம் தேடுகிறவன் என்று நினைத்து ஒரு முதலாளி என்னை வெளியே போகச் சொன்னார். கடைசியில் ஒரு சந்துக்குள் சின்ன ஓட்டல் அகப்பட்டது. வெளியாட்கள் முன்னால் வராத பெண்களுக்கென்று ஓரமாகத் தட்டி கட்டி, திரை தொங்கவிட்ட ஓர் அறை. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, வெறும் சுண்ணாம்புச் சுவர்.

பாவாயியைக் கூட்டி வந்து காட்டினேன். எட்டிப் பார்த்தாள். தான் மட்டும் உள்ளே போவதாகவும், நாங்கள் இரண்டு பேரும் வெளியே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அம்மாகூட வேண்டாமாம். நாங்கள் வெளியே உட்கார்ந்தோம். சர்வர் திரைக்கு அடியில் தட்டை நீட்டுவார். கொஞ்ச நேரத்தில் காலித் தட்டு வெளியே வரும். இட்லி போயிற்று, பொங்கல் போயிற்று, ஊத்தப்பம் போயிற்று, மறுபடியும் இட்லி போயிற்று. நல்லாயி காபியை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வர் என்னிடம் குனிந்து, ரகசியம் கேட்பது போலக் கேட்டார்: “உள்ளே எத்தனை பேர் ஸார் உக்காந்திருக்கா?”

டாக்டர் கேட்ட வார்த்தை

அதன்பின் எல்லா வேளையும் அந்தச் சந்துதான். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது, நகத்தில் சிவப்பு வந்தது. டாக்டர் நாள் குறித்தார். அறுப்பதற்கு முன் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட்டார்: கட்டிக்குப் பின்னால் குரலுக்கான நரம்பு ஓடுகிறது, அதில் பட்டுவிட்டால் பேச்சு போய்விடலாம். இதை நான் நல்லாயியிடம் சொன்னேன். அவள் மகளிடம் சொல்ல வேண்டாம் என்றாள். ஆனால் பாவாயி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மூச்சு விட முடிந்தால் போதுமுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. கடைசியில் கூப்பிட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டு. கண் திறந்திருந்தாள். மூச்சு சத்தமில்லாமல் வந்து போயிற்று. அவளுக்கு அப்படி மூச்சு வந்து நான் பார்த்ததே இல்லை. டாக்டர் குனிந்து, ஏதாவது பேசம்மா என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நல்லாயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு முறை, ஒரே ஒரு வார்த்தை என்றார் டாக்டர். கரகரவென்று, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது: “பசிக்குதுங்க.”

அவள் பார்த்து வைத்த கடை

தையல் பிரித்து ஊருக்குக் கிளம்பும் நாள். வழக்கமான சந்துக்குப் போகலாமா என்றேன். பாவாயி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தாள். கழுத்தில் மெல்லிய கோடு மாதிரி தழும்பு, மறைக்கவில்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று மோந்து பார்த்து, கடைசியில் மசாலா வாடை தெருவுக்கே வருகிற கறிச்சோற்று மிலிட்டரி ஓட்டலில் நுழைந்து, நட்டநடுவில் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நல்லாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானோ பரம சைவம். வாசலிலேயே நின்று, நீங்கள் சாப்பிட்டு வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்றேன். பாவாயி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “ஏனுங்க, நீங்க காட்டுன கடையிலயெல்லாம் நானு ஒக்காந்தனுங்கல்ல, நானு காட்டுற கடையில நீங்க சித்த நேரம் ஒக்காருங்க.”

எலும்பு கடிபடும் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து மோர்ச்சோறு தின்று எழுந்த நான், அன்றிலிருந்து யாரைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனாலும், எந்தக் கடை என்று அவர்களையே கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன்.