அவள் கையில் கிடந்த செப்புக் காப்பு

குரங்கணியில், தேயிலைப் பெட்டிகளை மலையிலிருந்து இறக்கும் கம்பிவடக் கொட்டகையில் எனக்கு வேலை. புதிதாக வரும் கம்பியில் ஒரு முழம் வெட்டி உத்தரத்தில் கட்டி, கீழே இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டு, எந்த எடைக்கு அறுகிறது என்று பார்க்க வேண்டும். மணியடிக்க வரும் செப்புக் கம்பிதான் வேடிக்கை காட்டும். முதலில் குழைந்து நீளும். பிறகு விறைத்துக்கொள்ளும், அதே எடைக்கு அசையாது. மேலும் எடை போட்டால் கொஞ்சம் நீண்டு, இன்னும் விறைக்கும். கடைசியில் ஓரிடத்தில் மட்டும் இடுப்புபோல் ஒடுங்கி, அங்கேயே அறுந்துவிடும். அறுவதற்குள் இறக்கி நெருப்பில் பழுக்கக் காட்டினால் பழைய இளக்கம் வந்துவிடும். செம்பைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை என்று ஒரு மிதப்பு இருந்தது.

மலைமேல் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கப் போன என் வீட்டுக்காரியை, செடியில் கிடந்த பச்சை விரியன் வலது புறங்கையில் கடித்துவிட்டது. வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார்.

"உசுருக்குப் பயமில்ல. வீக்கம் ஏறுது, வெரசா காப்பக் கழத்துங்க. இல்லேன்னா கை போயிரும்."

கல்யாணத்துக்குப் போட்ட, முனைகள் சேராத கனத்த செப்புக் காப்பு அது. அவள் அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையை இழுத்தேன். முதல் இழுப்பில் நல்ல பிள்ளையாகக் கொஞ்சம் வாய் திறந்தது. அடுத்த இழுப்பில் நின்றுவிட்டது.

"இன்னொருக்க இழுங்க மாப்ளே. இப்பத்தான அசைஞ்சுச்சு."

அசைந்ததுதான் வினை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? இழுக்க இழுக்க இறுகும். இளக வேண்டுமென்றால் நெருப்பில் காட்ட வேண்டும். காப்போ அவள் கையில் கிடக்கிறது. நான் அடுப்பைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இழுத்தே எடுத்துருங்க," என்றாள். "நான் கத்த மாட்டேன்."

இழுத்தோம். அவள் கத்தவில்லை. காப்பும் அசையவில்லை. அண்ணன் அரம் கொண்டுவரக் குரங்கணிக்கு இறங்கி ஓடினார். அதுவரை அவள் விரல்கள் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்திருந்ததன் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அராவி எடுத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கை போகவில்லை. வைத்தியர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

வீக்கமெல்லாம் வற்றிய பிறகு, போடியில் ஆசாரியிடம் அந்தக் காப்பைக் கொடுத்தோம். அவர் அதை நெருப்பில் பழுக்கவிட்டு, தண்ணீரில் முக்கியெடுத்து, வெறுங்கையால் வளைத்தார்.

"நல்ல செம்புங்க. சொன்னபடி கேக்குது," என்று அவளிடம் நீட்டினார்.

அவள் வலது கையை நீட்டி வாங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. காப்பு தரையில் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.