இஞ்சினியர் அம்மா கொடுத்த சாவி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரியில் தண்ணீர் வராமல் நடவு வேலை நின்றுபோன ஒரு வருஷம். நீடாமங்கலம் பக்கத்தில், பழைய பிளாஸ்டிக்கை நொறுக்கிக் குருணையாக்கும் ஆலையில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனேன். அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கும் இஞ்சினியர் ஒரு பெண். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவருடைய அம்மாவும் என்னைப் போல நடவு நட்டவராம். அந்தப் பெண் ஸ்பேனரோடு மெஷினுக்கு அடியில் நுழைவதை, கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நொறுக்கும் மெஷினுக்குள் ஆள் இறங்கினால் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுவார்கள். சாவி, இறங்குகிறவரிடமே இருக்க வேண்டும். ஒரு நாள் கத்தி மாற்ற இறங்கும்போது இஞ்சினியருடைய சட்டைப் பை கிழிந்திருந்தது. சாவியை என் கையில் வைத்தார்.

"அக்கா, நானே வந்து கேட்டாத்தான் குடுக்கணும்."

"நானா? சூப்பர்வைசர்கிட்ட குடுங்கம்மா."

"அவருக்கு அவசரம் ஜாஸ்தி. நீங்களே வச்சுக்குங்க."

கூலி நெல் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் பத்தாயத்தைப் பூட்டி, என் அப்பாவைக் களத்துக்கு வெளியே நிறுத்திய காலத்தில் நான் சின்னப் பிள்ளை. சாவி என்றால் எங்களை வெளியே நிறுத்துகிறவர்களிடம் இருப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அது என் கைக்கு வந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில், கூட இறங்கிய ஹெல்பர் மட்டும் ஏறி டீ குடிக்கப் போனார். இரண்டு பேருமே வெளியே வந்துவிட்டதாக நினைத்து சூப்பர்வைசர் வந்தார்.

"சாவியக் குடும்மா, லோடு நிக்குது."

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"அந்தம்மா அப்பவே சாப்பிடப் போயாச்சு. பாருங்கய்யா, பத்தாயத்துக்குச் சொந்தக்காரி மாதிரி நிக்கிறத!"

எல்லோரும் சிரித்தார்கள். மெஷினுக்குள் சத்தமே இல்லை. ஒருவேளை போய்விட்டாரோ என்று எனக்கே சந்தேகம். ஆண்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சூப்பர்வைசர் கையை நீட்டினார். வாயைத் திறந்தால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில், சாவியை வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

"ஏய், முழுங்கித் தொலச்சிடாத!" என்று அவர் கத்தினார்.

அந்தக் கத்தலுக்குத்தான் மெஷினுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அங்க என்னங்க சண்டை?"

சூப்பர்வைசர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

முகமெல்லாம் கிரீஸோடு இஞ்சினியர் ஏறி வந்தார். "அக்கா, சாவி?" துப்பி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். முதலில் சிரித்தார். விஷயம் புரிந்ததும் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்தார், விடவே இல்லை.

பிறகு மெஷினுக்குள் எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக அரிவாள் போலக் கத்திகள். நடுவில் அவர் விரித்துப் படுத்திருந்த சாக்கு. ஒரு முழு ஆளின் உயிர் என் வாய்க்குள் இருந்திருக்கிறது! வெகு நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த மெஷினுக்குச் சரியான பெயர் என்ன, அது எந்த வருஷம் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திப் போடுங்கள். சாவி விஷயத்தை மட்டும் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டாம். கிரீஸ் கலந்த அந்த இரும்பு ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது.