சன்னலில் பார்த்த நிறம்

கழற்றிய டயாப்பரை அப்படியே சுருட்டிக் கூடையில் போட அவளுக்கு மனம் வராது. விரித்தபடி சன்னலுக்குக் கொண்டுபோவாள். பகல் வெளிச்சம் படும்படி பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள்.

"என்னக்கா, சேலைக்கு மேட்சிங் பாக்குறீங்களா?" என்று சிரிப்பாள் நர்ஸ்.

"டியூப் லைட்டை நம்பக்கூடாதும்மா. வாய் கூசாம பொய் சொல்லும்."

லைனிங் துணிக்கடையில் வேலை பார்த்தவள். வாடிக்கையாளரை வாசலுக்கு அழைத்துவந்து வெயிலில் காட்டாமல் ஒரு துண்டுகூடக் கிழித்ததில்லை. குழந்தைகள் வார்டில் அவளுக்குப் பெயரே லைனிங்கக்கா.

மகள் பிறந்ததுமே, முறுக்கிக்கொண்ட குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சாப்பாடெல்லாம் ரத்தக்குழாய் வழியாகத்தான். கட்டிலோரத்து மெஷின், தூக்கத்தில் முனகுவதுபோல முனகும். வெள்ளைப் பையிலிருந்து சொட்டுகள் இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், கட்டில், நாற்காலி, அவள் எல்லாமே தண்ணீருக்குள் மெல்ல மிதப்பதுபோல் இருக்கும்.

"இந்தச் சாப்பாடுதான் பாப்பாவை உயிரோட வச்சிருக்கு. இதேதான் ஈரலையும் வாட்டுது" என்றார் டாக்டரம்மா. குழந்தையின் கண்கள் மஞ்சளாகியிருந்தன. கழிவோ சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "பையில போற கொழுப்பை மீன் எண்ணெய்க்கு மாத்தியிருக்கோம். உங்க பாலும் சொட்டுச் சொட்டா குடுத்துப் பாப்போம். பித்தம் குடலுக்கு இறங்குனா கழிவுல நிறம் வரும். இறங்கலைன்னா ஈரல் தாங்காதும்மா."

அதிலிருந்து மஞ்சளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஒருநாள், கண் இன்னும் மஞ்சளாகிவிட்டது என்று அலறி வார்டையே கூட்டிவிட்டாள். புது மஞ்சள் போர்வையின் சாயல் முகத்தில் அடித்திருந்தது, அவ்வளவுதான். துணிக்கடைக்காரிக்கு வரக்கூடாத தவறு. மறுநாள் கணவன் மஞ்சள் சட்டையில் வந்து நின்றான்.

"அந்தச் சட்டையோட உள்ள வராதீங்க."

"கழட்டிட்டு வந்தா மட்டும் விடுவாங்களாடி?"

"அப்ப அங்கேயே நில்லுங்க."

பிரசவத்துக்கு முன் அவளே தைத்த கவுன் ஒன்று உண்டு. எலுமிச்சை மஞ்சள். பையின் அடியில் போட்டவள், அப்புறம் தொடவே இல்லை.

இன்றும் சன்னலுக்குப் போனாள். சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். வெளுப்பின் நடுவே, கடுகை அரைத்துத் தீற்றியதுபோல ஒரு மஞ்சள் கீற்று.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா... இது டியூப் லைட் இல்லையே?"

அவள் டயாப்பரை நர்ஸிடம் கொடுத்தாள். கையை நன்றாகக் கழுவித் துடைத்தாள். பிறகு பையின் அடியிலிருந்து கவுனை உருவி, சன்னல் திட்டில் விரித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினாள்.