சரசக்காவின் கொண்டைக்குள் போன ஈ

உன்னிச்சைக் குளக்கட்டில் காயப்போட்ட மீன்வலையில் ஒரு செம்பருந்து சிக்கிக் கிடக்கிறது. வலைக்குச் சொந்தக்காரி சரசக்கா அதன் தலையைத் துணியால் மூடி, மடியில் வைத்து நூலை அறுக்கிறா. நான் பக்கத்தில் குந்தி இறகுகளை விலக்கிப் பார்க்கிறேன். பறவையின் இரத்தம் குடித்து இறகுக்குள்ளேயே வாழும் அபூர்வமான ஈ ஒன்றைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

கழுத்தடியில் இருக்கிறது! தட்டையான உடம்பு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுகிறது. நான் கை வைப்பதற்குள் பறந்து சரசக்காவின் கொண்டைக்குள் நுழைந்துவிடுகிறது.

"ஐயோ அக்கா, உங்கட தலைக்குள்ள போயிட்டு!"

"கடிக்குமா?"

"கடிச்சாலும் கடிக்கும்."

அவ முதலில் மிச்ச நூலையும் அறுத்து, துணியை எடுத்து, பருந்தை மெல்லத் தூக்கிப் பறக்க விடுகிறா. அது குளத்துக்கு மேலே ஏறிப் போகும்வரை பார்த்துவிட்டு, கொண்டையை அவிழ்த்து எனக்கு முதுகு காட்டி உட்காருகிறா.

"அசைய மாட்டன். ஆறுதலாத் தேடு புள்ள."

பேன் பார்ப்பதுபோல முடியைப் பிரித்துப் பிரித்துத் தேடுகிறேன். காதுக்குப் பின்னால் அகப்படுகிறது. குப்பிக்குள் விட்டு லென்ஸை வைத்து, என்ன இனம் என்று காட்டும் அதன் சிறகு நரம்புகளைப் பார்க்கிறேன். நான் தேடி வந்ததேதான். கண் கலங்கிவிடுகிறது.

சரசக்கா குப்பியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்க்கிறா.

"இந்த ஈக்கா புள்ள அழுறாய்?" என்று சிரித்தபடி, மீன் மணக்கும் கையால் என் கன்னத்தைத் துடைத்துவிடுகிறா.